பழைய கணிப்பொறியை ஏலம் விடுமுன்

சங்கங்களின் தீர்மானப் புத்தகங்களில் அடிக்கடி இடம்பெறும் தீர்மானம் ஒன்று உண்டு. உபயோகமற்ற தளவாடச் சாமான்களைக் கணக்கிலிருந்து கழித்து ஏலத்தில் விற்க அனுமதி வழங்குவது அது. கால் ஒடிந்த நாற்காலி, துருப்பிடித்த தராசு, கிழிந்த சாக்குகள் ஆகியவற்றோடு சில ஆண்டுகளாகக் கணிப்பொறியும் அப்பட்டியலில் சேர்ந்து வருகிறது. நாற்காலிக்குப் போடப்படும் மதிப்பே ஏறக்குறைய அதற்கும் போடப்படுகிறது. ஏலம் எடுப்பவர் அதைத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு போகிறார். பட்டியலில் ஒரு வரி குறைகிறது. சங்கத்தாருக்கும் அதோடு கவலை தீர்ந்ததாக எண்ணம்.

அப்பெட்டிக்குள் என்னென்ன இருக்கின்றன என்பதைச் சற்று எண்ணிப் பார்க்கும்படி அங்கத்தினர்களைக் கேட்டுக் கொள்கிறோம். பண்ருட்டிப் பக்கத்துப் பலா, முந்திரி விவசாயி ஒருவர் பயிர்க் கடனுக்கு மனுச் செய்தபோது கொடுத்த ஆதார் அட்டையின் நகல், சிட்டா, அடங்கல், வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம், கையொப்பம், புகைப்படம். அவர் மனைவியின் நகை அடகு வைக்கப்பட்ட தேதி, அதன் எடை, வாரிசுதாரர் பெயர். குறிஞ்சிப்பாடிப் பக்கத்து நெசவாளர் ஒருவரின் கூலிப் பட்டியல், சேமிப்பு நிதிக் கணக்கு, பெற்ற நூலின் அளவு, நிலுவை. இவற்றுள் ஒவ்வொன்றும் அங்கத்தினர் சங்கத்தை நம்பி ஒப்படைத்தது. பிறர் கையில் இவை ஒருசேரக் கிடைத்தால், அவர் பெயரில் சிம் அட்டை வாங்கவோ, கடனுக்கு மனுச் செய்யவோ, "உங்கள் நகைக் கடன் விஷயமாகப் பேசுகிறோம்" என்று தொலைபேசியில் அழைத்து ஏமாற்றவோ வேறு சாதனம் தேவையில்லை. தன் நகையின் எடையைக் கிராம் கணக்கில் சொல்லுகிற குரலை யார்தான் நம்பாமலிருப்பார்?

"எல்லாவற்றையும் அழித்துவிட்டுத்தான் கொடுத்தோம்" என்று செயலாளர்கள் கூறுவதுண்டு. அவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் அழித்தல் என்று அவர்கள் கருதுவதும் கணிப்பொறி செய்வதும் வேறு வேறு என்பதே இக்கட்டுரையின் விஷயம்.

நெய்வேலியைச் சுற்றி வாழும் நமக்கு இதைப் புரிந்து கொள்வது கடினமன்று. 1935ஆம் ஆண்டளவில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்துக் கிணற்றில் கரிய பொருள் தென்பட்டதிலிருந்து இவ்வூரின் சரித்திரம் தொடங்குகிறது. 1957 மே மாதம் 20ஆம் தேதி பிரதமர் நேரு சுரங்க வேலையைத் துவக்கி வைத்தார். மேல்மண்ணை அகற்றிப் பழுப்பு நிலக்கரியைக் கண்ணால் காண 1961 ஆகஸ்டு வரை ஆயிற்று. மண் மூடியிருந்த காலமெல்லாம் நிலக்கரி அங்கேதான் இருந்தது. கணிப்பொறியில் ஒரு கோப்பை அழிக்கும்போதும் அதுவே நிகழ்கிறது. கோப்பு இருந்த இடத்தில் இருக்க, அது இங்கே உள்ளது என்று சொல்லும் குறிப்பு மாத்திரம் நீங்குகிறது. பேரேட்டின் முன்பக்கத்துப் பெயர் அட்டவணையைக் கிழித்தெறிந்துவிட்டுப் பேரேட்டையே எரித்துவிட்டதாக எண்ணுவது போன்றது இது. குப்பைத் தொட்டிப் படத்தைக் காலி செய்தாலும், விரைவு முறையில் பார்மட் செய்தாலும், விண்டோஸைப் புதிதாக ஏற்றினாலும், பழைய ஹார்டு டிஸ்க்கில் பெரும்பகுதி அப்படியே கிடக்கும். இங்கோ மேல்மண்ணை அகற்ற நான்கு ஆண்டுகளும் தேவையில்லை. இலவசமாகக் கிடைக்கும் மீட்பு மென்பொருளும் ஒரு பிற்பகல் நேரமும் போதும்.

இது வீண் பயமன்று என்பதற்கு அமெரிக்காவில் நடந்த ஓர் ஆராய்ச்சி சான்று. சிம்சன் கார்ஃபின்கெல், அபி ஷெலாட் என்ற இருவர், மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பயின்றுவந்த காலத்தில், 2000க்கும் 2002க்கும் இடையே 158 பழைய ஹார்டு டிஸ்க்குகளைச் சந்தையில் வாங்கினார்கள். அவற்றில் 129 இயங்கும் நிலையில் இருந்தன. அவற்றுள் முறையாகத் துடைக்கப்பட்டிருந்தவை 12 மட்டுமே. ஏனையவற்றில் ஆயிரக்கணக்கான கடன் அட்டை எண்களும், வைத்தியக் குறிப்புகளும், சொந்தக் கடிதங்களும் கிடைத்தன. அவற்றில் ஒன்று பணம் வழங்கும் இயந்திரத்தினுள் இருந்தது போலும். ஓராண்டின் வரவு செலவு அதில் இருந்தது. விற்றவர்களில் பலர் பார்மட் செய்துதான் விற்றிருந்தார்கள் என்பது கவனிக்கத்தக்கது.

அப்படியானால் உண்மையாக அழிப்பது எவ்வாறு?

காந்த வட்டு உள்ள பழைய ஹார்டு டிஸ்க் என்றால் விடை எளிது. வட்டு முழுவதன் மீதும் வேறு எழுத்துகளை, வெறும் பூஜ்யங்களையேனும், எழுதிவிட வேண்டும். எழுதிய பலகையின் மீது மறுபடி எழுதினால் முதல் எழுத்து போய்விடும். 35 முறை எழுதினால்தான் போகும் என்று ஒரு கதை தொழில்நுட்பர்களிடையே உலவுகிறது. 1996இல் பீட்டர் குட்மன் என்ற அறிஞர் எழுதிய கட்டுரையிலிருந்து கிளைத்த கதை அது. அந்நாளைய பலவகை வட்டுகளை மனத்திற் கொண்டு அவர் சொன்னதை எல்லா வட்டுக்கும் பொதுவிதியாக்கிவிட்டார்கள். அவரே பிற்பாடு அதை மறுத்திருக்கிறார். இக்காலத்து வட்டுக்கு ஒருமுறை முழுவதும் எழுதுவது போதும். ஆனால் 'முழுவதும்' என்ற சொல்லில்தான் சிக்கல் இருக்கிறது. வட்டில் பழுதான இடங்களை வட்டே ஒதுக்கி வைத்துவிட்டு மாற்று இடங்களைப் பயன்படுத்துகிறது. ஒதுக்கிய இடத்தில் பழைய எழுத்து தங்கியிருக்கும். வெளியிலிருந்து எழுதும் மென்பொருளுக்கு அவ்விடம் தெரியாது.

ஆதலால் வட்டுக்குள்ளேயே அழிக்கும் கட்டளை ஒன்றைத் தயாரிப்பாளர்கள் வைத்திருக்கிறார்கள். 'செக்யூர் எரேஸ்' என்பது அதன் பெயர். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் டியகோ வளாகத்தைச் சேர்ந்த கார்டன் ஹியூஸ் இதை வளர்த்தவர்களில் முக்கியமானவர். வெளியார் எழுதுவதற்குப் பதில் வட்டே தன்னைத் தான் துடைத்துக் கொள்கிறது. இதன் மேம்பட்ட வகை, ஒதுக்கிய இடங்களையும் சேர்த்துத் துடைக்கும்.

இக்கட்டளையைக் கொடுக்கும் முறை சுவையானது. முதலில் வட்டுக்கு ஒரு பாஸ்வேர்டு இட வேண்டும். பிறகு அதே பாஸ்வேர்டைச் சொல்லி அழிக்கக் கட்டளையிட வேண்டும். பூட்டாத பெட்டியை எரிக்க முடியாது என்பது போன்ற ஏற்பாடு. மேலும், கணிப்பொறி கண் விழிக்கும்போதே அதன் அடிப்படை மென்பொருளான பயாஸ் வட்டை நோக்கி, மறுபடி மின்சாரம் நின்று வரும் வரை பூட்டு, அழிப்புச் சம்பந்தமான கட்டளைகளை ஏற்காதே என்று பெரும்பாலும் உத்தரவிட்டு விடுகிறது. வைரஸ் ஒன்று புகுந்து ஒரே கட்டளையில் வட்டைத் துடைத்துவிடக் கூடாதே என்பதற்காக இந்தக் காவல். அனுபவமற்ற தொழில்நுட்பர், வட்டு 'உறைந்திருக்கிறது' என்ற செய்தியைக் கண்டு, இது நடவாது என்று பார்மட் செய்துவிட்டுப் போய்விடுகிறார். பல அலுவலகக் கணிப்பொறிகளின் பயாஸிலேயே அழிக்கும் வசதி இருக்கிறது. அதைத் தேடச் சொல்ல வேண்டும். பெரிய காந்த வட்டு துடைத்து முடிய மணிக்கணக்கில் ஆகும். நடுவே மின்சாரம் நின்றால் வட்டு பூட்டிய நிலையிலேயே நிற்கும். எனவே இட்ட பாஸ்வேர்டை முன்னதாக எழுதி வைக்க வேண்டும். நாட்டுக்கு மின்சாரம் விளைவிக்கும் ஊரின் பக்கத்துக் கிராமங்களுக்கு இதைச் சொல்ல வேண்டியிருப்பது வேடிக்கைதான்.

எஸ்.எஸ்.டி. என்னும் புதுவகைச் சேமிப்புக் கருவியின் சுபாவம் வேறு. அதில் சுழலும் வட்டு இல்லை, சில்லுகளே உள்ளன. ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப எழுதினால் அந்தச் சில்லு விரைவில் தேய்ந்துவிடும். ஆகவே உள்ளிருக்கும் கட்டுப்பாட்டுப் பொறி, நாம் 'இங்கே எழுது' என்று சொன்னாலும் வேறோர் இடத்தில் எழுதி, பழையதைப் பிறகு பார்க்கலாம் என்று விட்டுவிடுகிறது. மேலே எழுதி அழிக்கும் முறை இதில் நம்பத்தக்கதன்று. அதற்குரிய உட்கட்டளைதான் கதி. அதையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. 2011ஆம் ஆண்டு அதே சான் டியகோ வளாகத்தின் ஆராய்ச்சியாளர் சிலர் பல எஸ்.எஸ்.டி.களைச் சோதித்தபோது, சில சரியாக அழித்தன. ஒன்றோ, 'வெற்றிகரமாக அழித்துவிட்டேன்' என்று அறிவித்துவிட்டு ஓர் எழுத்தையும் அழிக்காமல் வைத்திருந்தது. பிற்காலத்துக் கருவிகள் மேம்பட்டிருக்கின்றன. ஆயினும் அழித்தபின் மீட்பு மென்பொருளைக் கொண்டு ஒருமுறை தேடிப் பார்ப்பது அவசியம் என்பதற்கு இதைவிடக் காரணம் வேண்டியதில்லை.

நிற்க. அழிப்பதைப் பற்றிப் பேசும்போது பூட்டைப் பற்றிப் பேசாதிருக்க முடியாது.

கணிப்பொறியைத் திறக்கும்போது கேட்கப்படும் பாஸ்வேர்டு, கட்டிடத்தின் வாயிற்கதவுப் பூட்டுக்குச் சமானம். இரண்டு திருகாணிகளைக் கழற்றி ஹார்டு டிஸ்க்கை எடுத்து வேறு கணிப்பொறியில் பொருத்தினால் வாயிற்கதவுக்கு வேலையில்லை. நேரே பெட்டக அறைக்குள் வந்தாயிற்று. வட்டுக்கென்றே தனிப் பூட்டு உண்டு என்று மேலே கண்டோம். அதற்குச் சாவிகள் இரண்டு. ஒன்று உபயோகிப்பவருடையது, மற்றொன்று தலைமைச் சாவி. பூட்டின் நிலையும் இரண்டு வகை. முதல் வகையில் தலைமைச் சாவி உள்ளவர் பெட்டியைத் திறந்து படிக்கவும் செய்யலாம். தயாரிப்பாளர் இட்ட தலைமைச் சாவியை மாற்றாமல் விட்டிருந்தால், அது ஊரறிந்த சாவியாகவே இருக்கக்கூடும். இரண்டாவது, உச்ச நிலை. அதில் தலைமைச் சாவியைக் கொண்டு உள்ளிருப்பதை அழித்து, வட்டைக் காலியாகத் திரும்பப் பெறலாமேயன்றி, ஒரு வரியையும் படிக்க முடியாது. படிக்கும் உரிமை வேறு, அழிக்கும் உரிமை வேறு என்று இரண்டையும் பிரித்து வைத்த இந்த யோசனையை நாம் மிகவும் மெச்சுகிறோம். சங்க நிர்வாகத்துக்கும் அது பொருந்தும் என்பதைப் பின்னர் காண்போம்.

பூட்டைவிடச் சிறந்தது சங்கேத முறை. என்க்ரிப்ஷன் என்று தொழில்நுட்பர் கூறுவது இதைத்தான். எழுதும்போதே ஒவ்வொரு எழுத்தையும் ஒரு சாவியைக் கொண்டு உருமாற்றி எழுதுவது. சாவி இல்லாதவனுக்கு வட்டு முழுவதும் பொருளற்ற எழுத்துக் குவியல். இதில் அழித்தலும் எளிதாகிவிடுகிறது. வட்டு முழுவதையும் துடைக்க வேண்டியதில்லை. சாவியை அழித்தால் போதும், சில விநாடிகளில் வேலை முடிந்தது. இன்னொரு நன்மையும் உண்டு. வட்டு பழுதாகி இயங்காமற் போனால் அதைத் துடைக்க வழியில்லை; உத்தரவாதக் காலத்தில் மாற்றித் தரக் கேட்டு அதை அப்படியே கம்பெனிக்கு அனுப்புகிறோம். தொடக்க நாள் முதலே சங்கேதத்தில் எழுதப்பட்டிருந்தால் அன்றி, அப்படி அனுப்பும் வட்டுக்குப் பாதுகாப்பு ஏதுமில்லை.

விண்டோஸின் உயர்பதிப்புகளில் பிட்லாக்கர் என்ற பெயரில் இவ்வசதி உள்ளது. சில எஸ்.எஸ்.டி.கள் தாமே சங்கேதமாக்கும் திறமை பெற்றவை. ஆனால் 2018இல் நெதர்லாந்தின் ராட்பௌட் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள், அத்தகைய கருவிகள் சிலவற்றில் பாஸ்வேர்டுக்கும் சங்கேதச் சாவிக்கும் தொடர்பே இல்லாதிருந்ததைக் கண்டுபிடித்தார்கள். சாவியை வாசற்படியில் வைத்துவிட்டுப் பூட்டிய கதை. ஆகையால் கருவியின் சங்கேதத்தை மட்டும் நம்பாமல், மென்பொருளின் சங்கேதத்தையே சங்கங்கள் கைக்கொள்வது நலம் என்பது நமது அபிப்பிராயம்.

வசதி இருந்தும் அதை இயக்காமல் விட்டதன் விலை என்ன என்பதற்கு ஒரு பெரிய உதாரணம் உண்டு. மார்கன் ஸ்டான்லி என்ற அமெரிக்க நிதி நிறுவனம் 2016இல் தன் தகவல் மையங்கள் இரண்டை மூடியபோது, பழைய வட்டுகளை அப்புறப்படுத்தும் வேலையை, அதில் அனுபவமில்லாத ஒரு சாமான் ஏற்றி இறக்கும் கம்பெனியிடம் ஒப்படைத்தது. வட்டுகள் கைமாறிக் கைமாறி இணைய ஏலத்துக்கு வந்தன. 2017இல் அவற்றை வாங்கிய ஒருவரே, 'உங்கள் தகவல்கள் என் கையில் இருக்கின்றன' என்று நிறுவனத்துக்குக் கடிதம் எழுதினார். கிளைகளிலிருந்து கழிக்கப்பட்ட கருவிகள் சிலவும் பிற்பாடு கணக்கில் வரவில்லை. அவற்றில் சங்கேத வசதி இருந்தும் பல ஆண்டுகளாக அதை எவரும் இயக்கவேயில்லை. 2020இல் 6 கோடி டாலரும், 2022இல் 3.5 கோடி டாலரும் இரு வேறு கண்காணிப்பு அமைப்புகளுக்கு அந்நிறுவனம் அபராதம் செலுத்த நேர்ந்தது. அத்தனை பெரிய நிறுவனத்தின் பிழையும், தள்ளுவண்டியில் கணிப்பொறியை அனுப்பும் நமது சங்கத்தின் பிழையும் ஒரே வகையானவை. பொருளைக் கொடுத்தார்கள், உள்ளிருப்பது போகிறதா என்று பார்க்கவில்லை.

இதுவரை கூறியதைப் படித்துவிட்டு, நாளைக்கே எல்லாவற்றையும் துடைத்தெறியச் செயலாளர் எவரும் புறப்படாமலிருக்க வேண்டும். ஆய்வாளர் என்ற முறையில் நமக்கு இந்தப் பயமே பெரிது. அழியாதிருப்பது ஓர் அபாயம் என்றால், அழியக் கூடாதது அழிவது அதனினும் பெரிய அபாயம். 2021ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் கூட்டுறவுப் பயிர்க் கடன் தள்ளுபடியும், 5 பவுனுக்கு உட்பட்ட நகைக் கடன் தள்ளுபடியும் அறிவிக்கப்பட்டதை அங்கத்தினர்கள் மறந்திருக்க மாட்டார்கள். எவர் எந்தத் தேதியில் எத்தனை கிராம் வைத்தார் என்பதைச் சங்கம் சங்கமாகச் சரிபார்க்க வேண்டியிருந்தது. பதிவு இருந்தவருக்கு உரிமை நிலைத்தது. முறைகேடு செய்தவர் உண்டென்றால், அவரைக் காட்டிக் கொடுத்ததும் பதிவுகளே. 1983ஆம் ஆண்டின் தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டத்தில் 81ஆவது பிரிவின்கீழ் விசாரணையோ, 87ஆவது பிரிவின்கீழ்த் தண்டத்தீர்வை நடவடிக்கையோ நடக்கும்போது, 'அந்தக் கணிப்பொறியை ஏலம் விட்டுவிட்டோம்' என்ற பதில் எவ்வளவு வசதியான பதில் என்பதை விளக்க வேண்டியதில்லை. பழைய காலத்தில் பேரேட்டைக் கரையான் தின்றதாகச் சொல்வார்கள். கரையானுக்கும் சில மாதங்கள் தேவைப்பட்டன. செக்யூர் எரேஸுக்கு ஓர் இரவு போதும்.

2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இவ்விரண்டு பக்கத்தையும் பார்க்கிறது. நோக்கம் நிறைவேறியபின் தனிநபர் தகவலை அழிக்க வேண்டும். ஆனால் வேறு சட்டத்தின்படி வைத்திருக்க வேண்டியதை வைத்திருக்க வேண்டும். அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாகி, கடமைகள் படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. 2022 ஜூனில் மத்திய அரசு 63,000 தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களை 2,516 கோடி ரூபாயில் கணினி மயமாக்க ஒப்புதல் அளித்த பிறகு, கணக்குகள் பொது மையத்துக்குப் போய்விடுவதால் உள்ளூர்க் கணிப்பொறியில் ஒன்றுமிராது என்று சிலர் வாதிக்கிறார்கள். நடைமுறை அவ்வாறில்லை. ஸ்கேன் செய்த ஆதார் நகலும், நகையின் புகைப்படமும், செயலாளர் வசதிக்காகத் தனியே வைத்துள்ள பட்டியலும், பென் டிரைவில் எடுத்த நகலும் உள்ளூரிலேயே குவிகின்றன. மைய ஏற்பாட்டுக்கு முந்திய ஆண்டுகளின் கணக்கைப் பற்றியோ கேட்கவே வேண்டாம்.

நகைப் பெட்டகத்துக்கு நாம் என்ன செய்கிறோம்? இரட்டைப் பூட்டு இட்டு, இரண்டு சாவிகளையும் இருவரிடம் கொடுக்கிறோம். ஒருவர் இல்லாமல் மற்றவர் திறக்க முடியாது. தகவலுக்கும் அதே ஏற்பாடு கூடும். அன்றாட வேலைக்கான பாஸ்வேர்டு பணியாளரிடம் இருக்கட்டும். சங்கேதத்தின் மீட்புச் சாவியை இரண்டு படிகளாகத் தாளில் எழுதி, முத்திரையிட்ட உறைகளில், ஒன்றைப் பெட்டகத்திலும் மற்றொன்றைச் சங்கக் கட்டிடத்துக்கு வெளியே தலைவரின் பொறுப்பிலும் வைக்கலாம். மீட்புச் சாவியை அதே கணிப்பொறியிலேயே பதிந்து வைப்பவர்களும் உண்டு. பெட்டகத்தின் சாவியைப் பெட்டகத்துக்குள் போட்டுப் பூட்டுவது அது. செயலாளர் ஓய்வு பெறும்போது அல்லது மாற்றலாகும்போது இரும்புப் பெட்டிச் சாவியைப் பெற்றுக்கொண்டு கையொப்பமிடுகிறோமே, அந்தப் பட்டியலில் இவ்வுறையும் சேர வேண்டும்; பாஸ்வேர்டும் அன்றே மாற வேண்டும்.

அழிக்கும் அதிகாரத்தைத் தனி ஒருவரிடம் விடவே கூடாது. முதலில் வைத்திருக்க வேண்டிய ஆண்டுகளின் கணக்கை இரண்டு நகல்களாக எடுத்து, அந்நகல்களை வேறு கணிப்பொறியில் திறந்து பார்க்க வேண்டும். திறந்து பார்க்காத நகலை நகலென்று நாம் ஒப்புக்கொள்வதில்லை. பிறகு தணிக்கை முடிந்ததா, விசாரணை ஏதும் நிலுவையில் உள்ளதா என்று பார்த்து, நிர்வாகக் குழு வட்டின் வரிசை எண்ணைக் குறிப்பிட்டுத் தீர்மானம் செய்ய வேண்டும். அழிக்கும்போது குழு அங்கத்தினர் ஒருவர் உடனிருந்து, எந்த முறையில், எந்த நாளில், யாரால் அழிக்கப்பட்டது, தேடிப் பார்த்ததில் என்ன கண்டது என்பதைப் பதிவேட்டில் எழுதிக் கையொப்பமிட வேண்டும். நான்கு பத்திகள் உள்ள சாதாரண நோட்டுப் புத்தகம் இதற்குப் போதும்.

சிறிய சங்கங்களுக்கு இவ்வளவும் இயலாதெனின், ஒரு சுருக்கு வழி சொல்வோம். கணிப்பொறியை ஏலம் விடலாம். வட்டை விட வேண்டாம். அதைக் கழற்றிப் பெட்டகத்தில் வைத்துவிட்டுப் பெட்டியை மட்டும் விற்றால், ஏலத் தொகையில் சில நூறு ரூபாய் குறையக்கூடும். அந்தச் சில நூறு ரூபாய்க்காக ஊராரின் ஆதார் எண்களை விற்றோம் என்ற பெயர் வேண்டாம். பழுது பார்க்கக் கொடுக்கும்போதும் கூடுமானால் வட்டைக் கழற்றிவிட்டே கொடுக்கலாம்.

பென் டிரைவுக்கும் மெமரி கார்டுக்கும் பெரும்பாலும் உட்கட்டளை கிடையாது. அவற்றில் சங்கேதமின்றி அங்கத்தினர் தகவலை எழுதாதிருப்பதே வழி. எழுதியிருந்தால், தேவை முடிந்தபின் உடைப்பதுதான் வழி. காந்த வட்டைத் துளையிட்டு வளைத்தால் சாதாரண மனிதன் படிக்க முடியாது. எஸ்.எஸ்.டி.யிலும் பென் டிரைவிலும் மேல்மூடியை நசுக்குவது போதாது. உள்ளேயுள்ள கருஞ்சில்லுகள் ஒவ்வொன்றும் நொறுங்க வேண்டும். ஒரு சில்லு முழுதாகத் தப்பினாலும் அதில் உள்ளது தப்பியதுதான். கண்களைக் காக்கும் பாதுகாப்புக் கண்ணாடி அணிந்து கொண்டு இதைச் செய்ய வேண்டும். எரிக்கக் கூடாது, புகை நஞ்சு. நொறுங்கியவற்றைப் பதிவு பெற்ற மின்கழிவு மறுசுழற்சியாளரிடம் கொடுத்து ரசீது வாங்கி, அதே நோட்டுப் புத்தகத்தில் அந்த வரிசை எண்ணுக்கு எதிரே ஒட்டி வைக்கலாம்.